அக்காவுக்குப் புரியும்

மூத்தவள் அப்பாவின் வாயோரம் வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, டாக்டர் குனிந்து, "டியூப் போட்டுடலாமா, பெரியவரே?" என்று உரக்கக் கேட்டார். போட்டால் கொஞ்ச நாள் ஓடலாம், போடாவிட்டால் இன்றோ நாளையோ என்று முன்பே அவளையும் தம்பியையும் வெளியே நிறுத்திச் சொல்லியிருந்தார்.

"ப்ரிதீ," என்றார் அப்பா.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குத் தமிழ் வரவில்லை. வாயில் மிச்சமிருந்ததெல்லாம் இன்று யாரும் பேசாத பழைய இங்கிலீஷ் வார்த்தைகள். அகராதி ஆபீசில் அவற்றைக் கழித்துக்கட்டுவதுதான் அவர் வேலையாக இருந்தது. நீக்க நினைக்கிற வார்த்தையை முதலில் வீட்டில் புழங்கிப் பார்ப்பார். யாராவது அர்த்தம் கேட்டுவிட்டால் அதன் கதை முடிந்தது. சாப்பிடக் கூப்பிட்டால், இதோ வருகிறேன் என்பதற்கு 'ஆனன்' என்பார். "யாருங்க அந்த ஆனன்? அவருக்கும் தட்டு வைக்கணுமா?" என்பாள் அம்மா. அன்றோடு ஆனன் காலி. சிறுமியாக இருந்த மூத்தவளுக்கு மட்டும் மனசு கேட்காது. எதைச் சொன்னாலும் புரிந்த மாதிரி தலையாட்டிவிடுவாள். அப்பாவுக்கு அதில் அத்தனை பெருமை.

"அக்கா, உனக்குத்தான் அவர் பேச்சு புரியும். என்னவாம்?" என்றான் தம்பி.

அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போயிருந்த அவர் கையைப் பார்த்தாள்.

"வேண்டாமாம். வீட்டுக்குப் போகணுமாம்."

அப்பா அவளையே பார்த்தார். அதே வார்த்தையை இன்னொரு தடவை, மெதுவாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். வெளிச்சம் போவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் காலையில், அப்பாவோடு வேலை பார்த்த ப்ரூஃப்ரீடர் வந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றவள், தயங்கித் தயங்கி அந்த வார்த்தையைக் கேட்டாள்.

"ப்ரிதீயா? தயவுசெஞ்சுன்னு அர்த்தம். கெஞ்சிக் கேக்கறப்ப சொல்றது. ஏம்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

டியூப் போடச் சொல்லிக் கெஞ்சினாரா, போடாதே என்றா? இனி கேட்க ஆளில்லை.

வாசலில் தம்பி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். "அவர் ஆசைப்பட்ட மாதிரியே வீட்டுலயே போயிட்டார். அக்கா இல்லேன்னா அதுகூட நமக்குத் தெரிஞ்சிருக்காது."

யாரோ நாற்காலி கேட்டார்கள். ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போயிருந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை அவள் இழுத்தாள். பிரியவில்லை. அடியில் இருந்ததைக் காலால் அழுத்திக்கொண்டு மறுபடி இழுத்தாள்.