மேல் வரியில் பெரியநாயகி

"குடுங்க ஐயா, அந்த ஓரமா வெக்கிறேன்" என்று இளம் சிஸ்டர் கையை நீட்டியதும், சாமிக்கண்ணு மூட்டையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார்.

"தொடாத. நானே வெச்சிக்கிறேன்."

பழைய வேட்டியில் நாலு சுற்று சுற்றிய மூட்டை. அதை அக்குளில் இடுக்கிக்கொண்டே மடத்து நோயாளி அறைக்குள் போனார். விருத்தாசலத்தில் இந்தக் கன்னியாஸ்திரீ மடம் வந்து ஐம்பது வருஷமிருக்கும். அதில் நாற்பத்தோரு வருஷம் அவர் தங்கச்சி இங்கே சோறாக்கியிருக்கிறாள். அத்தனை வருஷத்தில் அவர் சமையல்கட்டுக்குப் பின்பக்கம் வந்து நின்று பேசிவிட்டுப் போயிருக்கிறாரே தவிர, உள்ளே கால் வைத்தது இன்றைக்குத்தான். சாகப்போகிறாள் என்றதும் கதவைத் திறந்துவிட்டார்கள்.

கட்டிலில் துணி மடித்து வைத்தமாதிரி கிடந்தாள். முக்காடு இல்லை. நரைத்த மயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அதைப் பார்க்க அவருக்கு ஒப்பவில்லை.

"யாரு?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"நான்தான்."

"சொல்லணுமா? பீடி நாத்தம் கேட்டுலேயே வந்துடுச்சி."

சாமிக்கண்ணு முக்காலியில் உட்கார்ந்தார். மூட்டை மடியில் இருந்தது.

"சாமியார் வந்தாரா?"

"விடியறப்பவே வந்து கடைசி அவஸ்தை பூசிட்டாரு. நெத்தியில எண்ண இருக்குது பாரு. ஒரு அப்பளம் பொரிக்கலாம்."

அவர் சிரிக்கவில்லை.

"பயமா இருக்குதா, பாப்பா?"

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. யோசித்துத்தான் பேசுவாள்.

"மொத நாலு நாளு இருந்துச்சி. எனக்கு என்னா ஆவும், நான் என்னா ஆவேன், நான் எங்க போவேன்னு அதே ஓடிச்சி. அப்பறம் அலுத்துப்போச்சி அண்ணே. எம்மாந் நேரந்தான் என்னியே பாத்துக்கிட்டு கெடக்கிறது?"

"அப்பறம்?"

"அவர பாத்துக்கிட்டு கெடக்கிறேன்." எதிர்ச்சுவரை மோவாயால் காட்டினாள். மரச்சிலுவை ஒன்று தொங்கியது. அதன் பின்னாலிருந்து பல்லியின் வால் மட்டும் தெரிந்தது.

"அவரு ஒன்னும் சொல்றாப்புல தெரியல."

"நீ பீங்கான் சூளையில ஓட்ட வழியா உள்ள பாப்பியே. அப்ப ஒன்னியப் பத்தி நெனப்பியா?"

"நெனச்சிக்கிட்டு நின்னா சரக்கு வெந்து கருகிடும்."

"அதான்" என்றாள். இருமல் வந்தது. இளம் சிஸ்டர் ஓடிவந்து தலையைத் தூக்கித் தண்ணீர் விட்டாள். பாதி வெளியே வழிந்தது.

"மடியில என்னா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"ஒன்னுமில்ல. சாமான்."

மேற்கொண்டு கேட்கவில்லை. பிறகு சிஸ்டர்கள் நாலைந்து பேர் வந்து மண்டியிட்டு மந்திரம் சொல்ல ஆரம்பித்தார்கள். அவருக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது. கடைசியாகக் கோயிலுக்குள் போனது பெண்டாட்டியின் சாவுக்கு. பூசை லத்தீனை விட்டுத் தமிழில் நடக்க ஆரம்பித்துவிட்டது என்று சொன்னார்கள். அதையும் அவர் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு தங்கச்சியின் வாயையே பார்த்தார். அவளும் கூடச் சொல்லிக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல். ஒரு இடத்தில் உதடு நின்றது. மற்றவர்கள் முடிக்கும்வரை அவர் அதைக் கவனிக்காதவர் மாதிரி இருந்தார்.

"மணி பதினொன்னே கால்" என்றாள் இளம் சிஸ்டர். யாரோ கட்டிலைச் சுற்றி வந்து கண்ணை மூடிவிட்டார்கள்.

மடத்துக்குத் தலைவியான மதர் அவரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவந்து நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"நாளைக்கிக் காலையில பூசைக்கப்பறம் அடக்கம், ஐயா. ஒங்க வூட்டு ஆளுங்களுக்குச் சொல்லணுமா?"

"வூடுன்னு நான் ஒருத்தன்தான். எனக்கு ஒன்னு தெரியணும். கல்லறையில என்னா பேரு போடுவீங்க?"

"பேரு போடறதில்ல."

"போடறதில்லன்னா?"

"எங்க கல்லறையில யாருக்கும் பேரு கெடையாது. ஒரே மாதிரி சிமெண்டு சிலுவ. பேரெல்லாம் உள்ள புஸ்தகத்துல இருக்குது."

சாமிக்கண்ணுவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இதைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தார். ஆனாலும் காதால் கேட்டபோது பொறுக்கவில்லை.

"புஸ்தகத்த எவன் தெறந்து பாப்பான்? இந்தா பாருங்கம்மா, எங்காயாவுக்கு மூனு புள்ளைங்க செத்து, கோணாங்குப்பத்து மாதாவுக்கு நேந்துக்கிட்டு பெத்த பொண்ணு இது. நல்லூருலேர்ந்து வெறுங்காலோட நடந்து போயி, மாதா பேரையே வெச்சிட்டு வந்தா. பெரியநாயகி. பத்தொம்பது வயசுல இங்க வந்துச்சி. வந்த மறுவருஷமே பேர மாத்திட்டீங்க. லியோனியாம். எங்காயா வாயில அந்தப் பேரு கடைசிவரைக்கும் வரல. என்னமோ லோனுன்னு சொல்லிட்டுப் போய்ச் சேந்தா. பேர எடுத்தீங்க, மயிர எடுத்தீங்க, நாப்பத்தோரு வருஷம் பொகையில நிக்கவெச்சீங்க. இப்ப மண்ணுல போட்டு அந்த லியோனியும் இல்லங்கறீங்க."

அவர் மூச்சு வாங்கி நிற்கும்வரை மதர் காத்திருந்தாள்.

"பேர நாங்க எடுத்து வெச்சிக்கல, ஐயா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ரோமிலேர்ந்து உத்தரவு வந்துச்சி. இஷ்டப்பட்டவங்க ஞானஸ்நானப் பேரையே வெச்சிக்கலாம்னு. எங்கள்ள பாதிப் பேரு மாத்திக்கிட்டோம். நானே மாத்திக்கிட்டேன்."

"அவ?"

"கேட்டேன். அடுப்புல பாலு பொங்குது மதர், அப்பறம் பாக்கலாம்னாங்க. அப்பறம் நான் ரெண்டு வாட்டி ஞாபகப்படுத்துனேன். ரெண்டு வாட்டியும் ஏதோ பொங்கிடுச்சி."

சாமிக்கண்ணு நம்பவில்லை. இவர்கள் எதையும் நல்லவிதமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் பால் பொங்குகிற சாக்கு தங்கச்சியுடையதுதான். அது இவர்களுக்கு வராது.

"நான் ஒன்னு செஞ்சி எடுத்தாந்திருக்கிறேன்" என்றார் மூட்டையைத் தட்டி. "பீங்கான் பலகை. பேரு வெட்டி, கண்ணாடியாட்டம் கிளேசு பூசிச் சுட்டது. மழைக்கும் வெயிலுக்கும் அழியாது. இத்த வெக்க வுட்டா வுடுங்க. வுடலன்னா சொல்லிடுங்க, பொணத்த ஊருக்கு எடுத்துக்கிட்டு போயிடறேன்."

மதர் மூட்டையைப் பார்த்தாள். பிரிக்கச் சொல்லவில்லை.

"சட்டம் எங்களுக்குத்தான், ஐயா. ஒங்களுக்கு இல்ல. வெச்சிக்குங்க."

சண்டைக்கு இன்னும் ஒரு மூட்டை வார்த்தை அவரிடம் இருந்தது. செலவழிக்க இடமில்லாமல் போயிற்று.

பீங்கான் தொழிற்பேட்டையில் சூளைக்குத் தீப்போடுவது சாமிக்கண்ணுவின் வேலை. ஜாடி, குழாய், பொம்மை எல்லாம் அவர் கண் பார்த்துத்தான் வேகும். தங்கச்சிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்த வாரமே பலகையை ஆரம்பித்துவிட்டார். உயிரோடு இருப்பவளுக்குக் கல்லறைப் பலகையா என்று யாராவது கேட்டிருந்தால், சூளை யாருக்காகவும் காத்திருக்காது என்று சொல்லியிருப்பார். பொம்மை அச்சுப் பிரிவில் வேலை செய்யும் சக்கரபாணியிடம் ஒரு காகிதத்தில் பெரியநாயகி என்று பெரிதாக எழுதி வாங்கிக்கொண்டார். நானே வெட்டித் தருகிறேன் என்று அவன் சொன்னதற்குக் கொடுக்கவில்லை. ஊரெல்லாம் சொல்லித் திரிவான். பச்சைக் களிமண்ணில் ஆணியை வைத்து, காகிதத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வளைவாகக் கீறினார். தெரியாத எழுத்து. கோணிவிடுமோ என்று கை பயந்து பயந்து போனது. அதற்குக் கீழே, அண்ணன் என்று ஒருத்தன் இருந்தது தெரிய வேண்டாமா என்று, தன் பேரையும் கீறினார். அதற்குக் காகிதம் தேவையில்லை. ஆஜர் புத்தகத்தில் கைநாட்டு வைக்கமாட்டேன் என்று வீம்பாகக் கற்றுக்கொண்ட எழுத்து. அவருக்கு எழுதவும் படிக்கவும் தெரிந்த ஒரே சொல் அதுதான். ஆணி ஆழமாக இறங்கியது.

மறுநாள் பூசை முடிந்து, பெட்டி இறங்கி, சாமியார் தீர்த்தம் தெளித்து, ஆளுக்கொரு பிடி மண் போட்டுப் போனார்கள். மடத்துத் தோட்டத்தின் கோடியில் பத்துப் பதினைந்து சிமெண்டு சிலுவைகள் வரிசையாக நின்றன. குழி வெட்டிய பச்சமுத்து அதை மூடி, மண்ணை மண்வெட்டியால் தட்டிவிட்டு, புதுச் சிலுவையை இழுத்துக்கொண்டு வந்தான். மதர் மட்டும் கொஞ்சம் தள்ளி மாமரத்தடியில் நின்றாள்.

"இரு. சிலுவைக்கி முன்னாடி இத்தப் பதி" என்று சாமிக்கண்ணு மூட்டையைப் பிரித்துக் கொடுத்தார்.

பலகை வெள்ளையாகப் பளபளத்தது. பச்சமுத்து மூன்றாவது வரை படித்தவன். கையைத் துடைத்துக்கொண்டு எழுத்தைக் கூட்டினான்.

"சா... மி... க்... கண்ணு. யாரு பெருசு இது?"

"நான்தான். அது கீழ் வரி. மேல் வரியப் படி."

"மேல ஏது வரி?"

"கண்ணு அவிஞ்சா போச்சி ஒனக்கு? பெரியநாயகின்னு ஆறு எழுத்து இருக்குது பாரு."

"இருந்தா படிக்கமாட்டனா? மொழுமொழுன்னு இருக்குது. ஒம்பேரு ஒன்னுதான் இருக்குது." பச்சமுத்து பலகையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "என்னா பெருசு, குழி ஒனக்குன்னு நேத்தே சொல்லியிருந்தா இன்னும் ஒரு மொழம் நீட்டி வெட்டியிருப்பேனே?"

சாமிக்கண்ணு பலகையைப் பிடுங்கி வெயிலில் சாய்த்தார். மேலே கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார். எங்கோ ஒரு சுழி, ஒரு மேடு. சூளையிலிருந்து எடுத்தபோதும் இப்படித்தான் இருந்திருக்கும். ஆழமில்லாத கீறல், வெள்ளைக் கிளேசு இளகி ஓடி ரொப்பியிருந்தது. முப்பது வருஷம் சூளையில் நின்றவன் இதைப் பார்க்காமல் எப்படி விட்டான்? சூட்டோடு எடுத்து, தன் பேர் தெரிகிறது என்று பார்த்தவுடன் துணியில் சுற்றியது நினைவுக்கு வந்தது.

மதர் பக்கத்தில் வந்துவிட்டிருந்தாள். அவளும் பார்த்தாள்.

"வேற ஒன்னு செஞ்சி எடுத்தாங்க ஐயா. அதுவரைக்கும் எடம் வுட்டு வெக்கச் சொல்றேன்."

அவர் பலகையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பச்சமுத்து ஒருமுறை இருமிவிட்டு, தன் வேலையைப் பார்க்கத் திரும்பினான். சிலுவையை நட்டான். அது ஒரு பக்கம் சாய்ந்தது. தூக்கி மறுபடி நட்டான். செம்மண்; நேற்று வெட்டிய பொலபொலப்பு. அடிக்கட்டை உள்ளே இறங்கிக்கொண்டே போனது.

"சனியன், நிக்கமாட்டேங்குது. அடியில தட்டையா ஒரு கல்லு வெச்சாத்தான் ஆவும். மதர், செங்கல்லு கிங்கல்லு இருக்குதா?"

"சமையல்கட்டுகிட்ட பாக்கச் சொல்றேன்" என்று மதர் திரும்பினாள்.

"இத்த வெய்யி" என்றார் சாமிக்கண்ணு.

பச்சமுத்து நிமிர்ந்தான். "வெளையாடறியா? பேரு வெட்டுனது."

"தட்டையாத்தான இருக்குது."

அவரே குந்தி உட்கார்ந்து, பள்ளத்துக்குள் கையைவிட்டு மண்ணைச் சமன் செய்தார். பலகையைக் கவிழ்த்து வைத்து, ரெண்டு உள்ளங்கையாலும் அழுத்தினார். பேர் இருந்த பக்கம் மண்ணுக்குப் போயிற்று.

"எறக்கு" என்றார்.

சிலுவை அதன்மேல் உட்கார்ந்தது. அவர் சிலுவையை நேராகப் பிடித்துக்கொள்ள, பச்சமுத்து சுற்றிலும் மண்ணைத் தள்ளிக் காலால் இறுக்கினான். வாளித் தண்ணீரை ஊற்றி மறுபடி இறுக்கினான்.

"கைய எடு பெருசு. நின்னுடுச்சி."

"இன்னும் கொஞ்சம் மெதி."

மிதித்தான். அப்புறம் கையை எடுத்தார். முட்டியை ஊன்றி எழுந்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"போயிட்டு வரேம்மா" என்றார் மதரிடம். இத்தனை வருஷத்தில் அந்த மடத்தில் யாரிடமும் அவர் சொல்லிக்கொண்டு போனதில்லை.

வாசல் கேட்டு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார். அத்தனை சிலுவையும் ஒன்றுபோலத்தான் நின்றன. மண் ஈரமாக இருந்ததை வைத்துத்தான் தங்கச்சி எது என்று கண்டுபிடிக்க முடிந்தது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.