பிரேக்கில் சிக்கிய பொடிக்கல்

வாத்தியாரின் கார் ஒரு வாரமாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. பெல்ட்தான் கோளாறு என்று அடித்துச் சொல்லி, அவரே புதுப் பெல்ட் மாட்டியும் சத்தம் நிற்கவில்லை. மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டாள். பல் பிடுங்குகிற டாக்டருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று வாத்தியார் உள்ளுக்குள் கறுவிக்கொண்டார்.

வந்தவன் அவரை மெல்ல ஓட்டச்சொல்லி, காதைத் தீட்டிக்கொண்டு கூடவே நடந்தான். பிறகு முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கில் சிக்கியிருந்த பொடிக்கல்லைச் சொத்தைப் பல்லைப் போல நெம்பி எடுத்தான்.

"இவ்ளோதான் மாமா."

மனைவிக்கு வாயெல்லாம் பல். ஒரு வாரம் கிரீஸில் புரண்டவருக்குக் கிடைக்காத காபி, அவனுக்கு இரண்டு டம்ளர் கிடைத்தது. வாத்தியாருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, அவர் அதே கல்லை அதே இடத்தில் செருகிவைத்தார். அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பியதுமே கார் வீல் என்று கத்தியது.

"பாத்தியா உன் தம்பி வைத்தியத்த? ஒரு நாள்கூடத் தாங்கல!"

அவள் பதறிப்போய் போனை எடுத்தாள்.

"தம்பி, சத்தம் திரும்ப வந்துடுச்சுப்பா. உங்க மாமாவ நம்பிப் பிரயோஜனமில்ல. நீ ஒரு மாசம் எங்க வீட்டுலயே வந்து தங்கிடு."