ஜல்லி கழுவியவள்

விழுப்புரம் கோர்ட்டில் இஞ்சினியர் மேல் மாசிலாமணி போட்ட வழக்கு கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. சாட்சி என்று யாரையும் கூப்பிடவே இல்லை.

"இஞ்சினியரு டூட்டியில செஞ்சதாம். கவர்மெண்டு அனுமதி தராம அவர் மேல கேஸ் நிக்காதுன்னு தள்ளிட்டாங்க" என்றார் வக்கீல் சீனுவாசன்.

"அப்ப எங்க வூட்டுக்காரரு சொன்னது பொய்யிங்களா?" என்றாள் லூர்துமேரி.

"பொய்யா நெசமான்னு பார்க்கவே இல்லம்மா."

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவள் புருஷன் மாசிலாமணி திண்டிவனத்தில் பதினொரு வருஷம் ரோட்டு வேலை பார்த்தவன். பொய்ப் புகார் கொடுத்தான் என்று எழுதித்தான் எண்பத்து நாலில் அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

சாலையோரம் ஜல்லியைக் குவித்து அளந்ததும், அதையே மறுபடி அளக்காமலிருக்க மேலே சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். பிரம்மதேசம் ஊருக்குப் போகிற வழியில் ஒருநாள் இஞ்சினியர், அங்கே கூலிக்கு ஜல்லி சுமந்த அவளிடம், "மந்திரி வர்றாரு, ஜல்லி பளிச்சுன்னு இருக்கணும், கழுவிடு" என்றார். நம்பி, ஏரியிலிருந்து முப்பது குடம் சுமந்து கழுவினாள். மந்திரி வரவில்லை. மறுநாள், சுண்ணாம்பு போன அதே குவியலைப் புதுக் குவியலாக அளந்து ரெண்டாம் முறை பணம் எழுதினார்கள். மாசிலாமணி மேலிடத்துக்கு மனு எழுதினான். கழுவியது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. அதனால் அவளுடைய கூலி வேலை தப்பியது.

"நான் சாட்சி சொல்றேன்னேன். எம் பேரை மறைச்சிட்ட" என்றாள் கோர்ட்டு வாசலில் மாசிலாமணியிடம்.

"ரெண்டு பேரும் குந்திக்கினு ஈ ஓட்டவா?"

இஞ்சினியர் படியிறங்கி ஜீப்பில் ஏறினார். லூர்துமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, அந்த ஜல்லியக் கழுவினது நான். கழுவச் சொன்னது நீங்க. எம் புருசன் எழுதினது நெசம்."

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பினார்கள். இஞ்சினியர் அவளைப் பார்க்காமல் டிரைவரிடம், "யாருய்யா இது? பேரக் கேளு" என்றார்.

"லூர்துமேரிங்க. மூணாவது கேங்கு. ஜல்தியா எழுதிக்கங்க."

ஒதுங்கி வழிவிட்டாள். ஜீப் போயிற்று.

"போச்சு உன் வேலை" என்றான் மாசிலாமணி.

"போவட்டும். கடலைக் கொல்லையில மல்லாட்டை புடுங்கப் போலாம், ரெண்டு பேரும் ஒண்ணா."

ஜல்லிக்கூடை தூக்கிக் காய்த்துப்போன அவள் கையை எட்டிப் பிடித்தான்.

"விடுய்யா, ஜனங்க பாக்குது."

திண்டிவனம் பஸ் வரும்வரை அவன் விடவில்லை.