எலியாவின் எஞ்சின்

மொரேனா கட்டும் ஒவ்வொரு எஞ்சினிலும் அவள் பெயர் பொறித்த தகடு இருக்கும். முதல் திருகிலிருந்து கடைசித் திருகுவரை ஒரே ஆள் கட்டுவது அந்த அதிவேகக் கார்த் தொழிற்சாலையின் வழக்கம். இத்தாலியில் மோதெனா நகருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே இருந்த அந்தக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. வண்டி வாங்கியவர்களில் சிலர் பூச்செண்டு அனுப்புவார்கள், சிலர் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து எழுதுவார்கள். கிதினியைப் போல யாரும் வந்து நின்றதில்லை.

கிதினிக்கு அறுபது வயதிருக்கும். பிரெஷா நகரத்துக்காரர். அவருடைய ஒரே மகன் எலியா, அக்டோபரில் பாலத்துத் தூணில் மோதிச் செத்துப்போனான். அவன் ஓட்டிய இந்தக் கம்பெனி வண்டியின் முன்பாதி கசங்கிப்போயிருந்தது. இருக்கைக்குப் பின்னால் இருந்த எஞ்சினில் ஒரு கீறல்கூட இல்லை. மொரேனாவின் பெயர்த் தகடோடு இருந்த அதை மட்டும் கழற்றி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

“கேஸ் கீஸ் எதுவும் இல்லையாம். உன்னைத்தான் பார்க்கணுமாம்,” என்றான் மேற்பார்வையாளன் கொர்ராதோ. “பேச்சைக் குறைச்சுக்கோ மொரேனா. எதுக்கும் ஆமான்னு தலையாட்டி வைக்காத.”

கிதினி அவள் கையைப் பிடித்தார். விடவில்லை.

“நீங்கதானாம்மா? எனக்கு ஒரே ஒரு தடவை அதை ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் என் கண்ணு முன்னாலயே பிரிச்சுப் போட்டுடுங்க.”

“பழைய இரும்புக்காரன்கிட்ட கொடுத்தா அவனே உடைச்சுடுவானே சார்,” என்றான் கொர்ராதோ.

“உடைக்கக் கூடாது. கட்டினவங்க கையாலயே பிரியணும்.”

சோதனை மேடையில் ஏற்றி, புது எண்ணெய் ஊற்றி, மொரேனா பொத்தானை அழுத்தினாள். முதல் அழுத்தலிலேயே பிடித்துக்கொண்டது. அடித்தொண்டை உறுமலாகத் தொடங்கி, ஏற ஏறப் பன்னிரண்டு சிலிண்டர்களும் ஒரே குரலாகிக் கூரையை அதிரவைத்தன. பக்கத்து மேடைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மொரேனாவுக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு நன்றாகக் கட்டியிருக்கிறேன் என்று ஒரு கணம் பூரித்துப்போனாள். மறுகணமே தன்மேல் அருவருப்பு வந்தது. எஞ்சினை நிறுத்தினாள்.

“மன்னிச்சுடுங்க சார். அது பிடிச்சப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு.”

“எனக்கும்தான்,” என்றார் கிதினி. “அதைத்தான் தாங்க முடியல.”

சூடு ஆறும்வரை காத்திருந்து, மதியத்துக்கு மேல் பிரிக்க ஆரம்பித்தாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் வயசுல நானும் உங்க கம்பெனி வண்டிதான் வெச்சிருந்தேன். நூத்தி அறுபது கிலோமீட்டரைத் தாண்டினா ஸ்டியரிங் உதறும், பெட்ரோல் நாத்தம் குமட்டும், முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டும். தானா ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்துடுவேன். இது இருநூத்தி எண்பதுல தாலாட்டுதும்மா. அவன் பயந்திருக்கவே மாட்டான்.”

“உதறக் கூடாதுன்னுதான் சார் இத்தனை வருஷமாப் பாடுபட்டோம்.”

“தெரியும். பிறந்தநாளுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.”

மொரேனா அடுத்த திருகைக் கழற்றினாள். பிஸ்டன்கள், வால்வுகள், கடைசியாகக் கிராங்க் தண்டு. எல்லாம் துணி விரித்த மேசையில் வரிசையாகக் கிடந்தன.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான் சார்.”

ஒன்றையும் அவர் தொடவில்லை. உருக்கிவிடச் சொல்லிவிட்டு எழுந்தார்.

லாரி எப்போதோ போய்விட்டது. தான் இப்போது வண்டி ஓட்டுவதில்லை என்று அவர் சொன்னதும், ரயில் ஸ்டேஷனில் விடுவதாக மொரேனா தன் சின்னக் காரில் ஏற்றிக்கொண்டாள். வெளியே மூடுபனி. வேகம் அறுபதைத் தொட்டபோது அவர் கதவுக்கு மேலிருந்த பிடியை இறுகப் பற்றினார். விரல்கள் வெளுத்துவிட்டன. அவள் நாற்பதுக்குக் குறைத்தாள். பின்னால் வந்தவர்கள் விடாமல் ஹாரன் அடித்தார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம். “நீங்க கிளம்புங்கம்மா,” என்றார். அவள் கிளம்பவில்லை. குளிர்ந்த பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.