மூன்று வருடப் பூஜ்யம்

பறவைச் சங்கத்தில் அவருக்குப் பெயரே 'காது'தான். தொழில் லிஃப்ட் மெக்கானிக். மூடிய கதவுக்கு வெளியே நின்று மோட்டார் உறுமுவதைக் கேட்டே, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஞாயிறு விடிந்ததும் அதே காதோடு ஏரிக்கரைத் தோப்புக்குப் போவார். அங்கே பத்து இடங்களில் ஐந்தைந்து நிமிடம் நின்று, குரல் கொடுக்கும் பறவைக்கெல்லாம் தாளில் கோடு போட்டுக் கணக்கெடுக்க வேண்டும். தன் காதால் கேட்டதை மட்டுமே எழுத வேண்டும் என்பது சங்கத்தின் விதி. பத்தொன்பது வருடமாக அந்தப் பாதை அவருடையது. வேறு யாராவது அதைக் கேட்டால் மனிதர் கடித்துக் குதறிவிடுவார்.

நாலு வருடமாக மனைவியும் கூட வருகிறாள். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர், தனியாக நடக்க அவளுக்குச் சோம்பல். தோப்புக்குள் நுழைந்தால் மூச்சுக் காட்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அதனால் பத்தடி பின்னால், டீ ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு, வாயே திறக்காமல் வருவாள்.

அந்த ஞாயிறு அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. காரணம் ஊசிக்குரல் என்கிற கட்டைவிரல் அளவுக் குருவி. உச்சிக் கிளையில் இலைக்குள்ளேயே கிடக்கும், கண்ணில் படாது. மெல்லிய கீச்சுச் சத்தம் ஒன்றுதான் அடையாளம். நகரத்திலேயே அது இருந்தது இந்தத் தோப்பில் மட்டும்தான். ஒரு காலத்தில் முப்பது, நாற்பது என்று எழுதியவர், மூன்று வருடமாகப் பூஜ்யம் எழுதுகிறார். இன்றும் பூஜ்யம் என்றால், ஊசிக்குரல் நம்மை விட்டே போய்விட்டது என்று ஆண்டறிக்கையில் போட்டுவிடப் போவதாகச் சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். செயலாளர் ஒரு பல் டாக்டர், கூசாமல் பிடுங்கக் கூடியவர்.

ஐந்தாவது இடத்திலும் ஊசிக்குரல் கேட்கவில்லை. அவர் அங்கிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“போயிடுச்சு,” என்றார். “என் கண்ணு முன்னாடியே போயிடுச்சு.”

“எதுங்க?” என்றாள் மனைவி.

கணக்கு நடுவே போனில் பறவைக் குரல் போடுவது பெரிய குற்றம். இன்றைக்கு அதையெல்லாம் யார் பார்த்தது? சங்கத்தின் பழைய பதிவை எடுத்து அழுத்தினார். சத்தமே வரவில்லை. கூட்டினார், இன்னும் கூட்டினார்.

“இந்த போனும் பல்லிளிச்சிடுச்சு.”

“ஐயோ, குறைங்க! காது கிழியுது!” அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். போனைப் பார்த்தார்.

“இந்தக் குருவியா?” என்றாள். “இப்பவும் தலைக்கு மேல கத்திக்கிட்டுதானே இருக்கு. வாராவாரம் கத்துதே.”

“ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீங்க எழுதாம வர்றதப் பாத்து, இது கணக்குல சேராத குருவிபோலன்னு நெனச்சேன்.”

போன மாதம் அவளுக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டர் கீ கீ என்று கத்தி ஓய்ந்த பிறகும் அதை அவள் வாயிலேயே வைத்துவிட்டு, இன்னும் சத்தம் வரவில்லையே என்று தான் காத்திருந்ததும், கடைசியில் அவளே அதை எடுத்து நீட்டியதும் அவருக்கு நினைவுக்கு வந்தது. வயதானால் மெல்லிய கீச்சுச் சத்தம்தான் முதலில் காதை விட்டுப் போகும் என்று சங்கக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னவரே இவர்தான். மோட்டார் உறுமல் நன்றாகக் கேட்டதால் தன் மேல் சந்தேகமே வரவில்லை. அவமானத்தில் உடம்பு குறுகியது, கண் கலங்கிவிட்டது.

“காதுன்னு பேரு வெச்சாங்க பாரு எனக்கு. பாதையை வேற யாருக்காவது குடுத்துடறேன்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இத்தனை நேரம் போயிடுச்சுன்னு அழுதீங்க. இருக்குன்னு தெரிஞ்ச பிறகும் அழுதா எப்படிங்க?”

அவர் அண்ணாந்து பார்த்தார். இலைகள் மட்டும் அசைந்தன. அங்கே அது இருக்கிறது! சிரிப்பும் அழுகையுமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பல் டாக்டருக்குப் போன் போட்டு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். “குருவி இருக்கு. எனக்குத்தான் கேக்கல. மூணு வருஷத்தையும் அடிச்சிடுங்க. பாதையையும் எடுத்துக்கங்க.”

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“அண்ணே, அதுக்கு முக்கால் பக்கம் இரங்கல் எழுதி வெச்சிருக்கேனே!” என்றார் டாக்டர். “கிழிச்சுப் போடறேன், சந்தோஷமா கிழிக்கறேன். இன்னைக்குக் கணக்கை முதல்லேர்ந்து அண்ணி பேர்ல எடுங்க. சாயங்காலம் நாலஞ்சு குரலைக் கலந்து போட்டு அவங்களைச் சோதிச்சுக்கறேன். பாதையெல்லாம் வேண்டாம். ரெண்டு பேரா நடங்க.”

முதல் இடத்துக்கே திரும்பிப் போனார்கள். கேட்டவர் என்ற கட்டத்தில் அவள் பெயரை எழுதினார். அவள் எட்டிப் பார்த்து, “இனிஷியலை விட்டுட்டீங்க,” என்றாள். அதையும் போட்டார். கணக்கு அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு, வலது கையில் பென்சிலோடு, இடது கையை அவளிடம் கொடுத்தார். ஒரு குருவிக்கு ஓர் அழுத்தல் என்று பேச்சு.

முதல் இடத்தில் மூன்று முறை அழுத்தினாள். ஐந்தாவதில் ஆறு. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு கோடு. அந்தக் கீச்சு ஒன்றுகூட அவருக்குக் கேட்கவில்லை, ஆனாலும் மனசு நிறைந்துகொண்டே போனது.

பத்தாவது இடத்தில் நாலு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு நிதானமாக, நீளமாக ஓர் அழுத்தல். கோடு போட்டுவிட்டு, “எங்க?” என்று கிசுகிசுத்தார்.

“குருவி இல்லைங்க,” என்றாள். “சும்மா.”

விதி விதிதானே, அந்தக் கோட்டை அடித்தார். கையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.