கெளுத்தி படுத்த சட்டை

பொன்னேரி மாட்டாஸ்பத்திரி டாக்டர், நாயின் முதுகில் திட்டுத்திட்டாக முடி உதிர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கந்தகம் குழைத்த எண்ணெய் கொடுத்தார். "நாய் படுக்கிற துணியைக் கொதிக்கிற தண்ணியிலே போட்டு எடும்மா. இல்லேன்னா சொறி போகாது" என்றார்.

பச்சையம்மாவுக்குப் பகீரென்றது. கெளுத்தி என்கிற அந்த நாய் படுப்பது அவள் புருஷன் முனிகிருஷ்ணனின் சட்டைமேல். அவன் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தமானுக்குக் கப்பலேறி மூன்று வருஷமாகிறது; அன்றிலிருந்து நாய் அதை விடுவதாயில்லை. அவன் வாசனை போய்விடுமென்று அவள் அதை ஒரு தரம்கூடத் துவைத்ததில்லை. கடுதாசியில் அவன் முதலில் நாயைத்தான் விசாரிப்பான். அந்தக் கடுப்பில் அவள் அதற்குச் சோறு வைப்பதோடு சரி, குளிப்பாட்டியதில்லை, தடவிக்கொடுத்ததில்லை.

காட்டுப்பள்ளிக்குத் திரும்பியதும் அடுப்பில் தண்ணீரை ஏற்றினாள். அது கொதித்ததும், கடைசியாக ஒரு தரம் சட்டையை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தாள். நாய் வாடைதான் அடித்தது. அவன் வாசனை எப்போது போனதென்றுகூடத் தெரியவில்லை.

"இன்னாடா, மொத்தத்தையும் நீயே மோந்து தீத்துட்டியா?" என்று கத்திக்கொண்டே சட்டையைக் கொதிநீரில் அமுக்கினாள். கெளுத்தி வாலை ஒடுக்கிக்கொண்டு பார்த்தது.

பிறகு அதை இழுத்து உட்காரவைத்து எண்ணெய் தடவினாள். முதுகு, கழுத்து என்று போய், காதுக்குப் பின்னால் விரல் பட்டதும் நாய் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் கொடுத்தது.

அது முனிகிருஷ்ணன் தினமும் சொறிந்துவிட்ட இடம். எண்ணெய் தீர்ந்த பிறகும் பச்சையம்மா அங்கிருந்து கையை எடுக்கவில்லை.