ஜூலை முப்பத்தொன்று

திருமணப் பதிவுக்குக் கிடைத்த தேதியைக் குணாளன் சந்தோஷமாகச் சொன்னார். குணவதிக்கு முகம் வாடிவிட்டது.

"ஜூலை முப்பத்தொன்னா? அன்னைக்கு வேணாமே."

குணாளன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், மனைவியை இழந்தவர். ஐம்பத்து நான்கு வயதுவரை தனியாகவே இருந்துவிட்ட குணவதியை ஒரு கோயில் அன்னதானத்தில்தான் பார்த்துப் பழகினார். எதற்கும் அவசரப்படாத மனிதர்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

அவள் சொன்னாள். 1988இல் அதே தேதியில் அக்கரையிலிருந்த பட்டர்வொர்த் படகுத்துறை இடிந்து விழுந்தது. திருவிழாக் கூட்டம். பதினேழு வயதுக் குணவதியும் பள்ளித்தோழி லைலாவும் தாங்கள் வாழும் தீவுக்குத் திரும்பப் படகுக்காக நின்றிருந்தார்கள். குணவதியை இடிபாட்டிலிருந்து உயிரோடு இழுத்தெடுத்தார்கள். லைலா பிழைக்கவில்லை.

குணாளன் கைப்பேசியில் எதையோ தேடினார்.

"நிலாவுல மொதமொதலா கார் ஓட்டினதும் ஜூலை முப்பத்தொன்னுதான். எழுபத்தொன்னுல."

"அதனால?"

"அதனால ஒன்னுமில்லலா. தேதிக்கு நல்லது கெட்டது தெரியாது, அவ்வளவுதான். உனக்கு மனசு ஒப்பலைன்னா மாத்திக்குவோம்."

ஆஸ்திரேலியாவிலிருந்து அவருடைய மகள் வருவது அந்த ஒரு வாரம்தான். அதை அவர் சொல்லவில்லை, குணவதிக்கே தெரியும். அவளை உறுத்தியது வேறு. ஆண்டுதோறும் அந்த நாளில் லைலாவின் அக்கா காமாரியா வீட்டில் இறந்தவளுக்காகப் பாத்திஹா ஓதிச் சோறு போடுவார்கள். குணவதி ஒருமுறைகூடப் போகாமல் இருந்ததில்லை. அந்த அக்காவின் துக்க நாளில் மாலை மாற்றிக்கொள்வதா?

மறுநாள் சூலியா தெருவில் காமாரியாவின் துணிக்கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். காமாரியா கைலிகளை மடித்தபடியே கேட்டார். மடித்து முடித்தும் நிமிரவில்லை.

"கோபமாக்கா?"

"கோபமில்லலா. லைலா இருந்திருந்தா உன்னை இருபது வயசுலயே புடிச்சுக் கட்டிக்கொடுத்திருப்பா. அந்த வாய் சும்மா இருக்குமா?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சாட்சிக்கு ஆள் இருக்கா?"

"ஒருத்தர்தான் இருக்காரு."

"இன்னொன்னு நான்."

ஜூலை முப்பத்தொன்று காலை, காமாரியா சாட்சிக் கையெழுத்துப் போட்டார். குணவதி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் எல்லோரும் காமாரியா வீட்டில் கூடினார்கள். ஓதி முடியும்வரை குணாளன் மகளோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். குணவதி அழுதாள், எல்லா ஆண்டும் அழுவதுபோலத்தான்.

பிறகு சாப்பாடு வந்தது. முதல் தட்டைக் காமாரியா குணாளன் முன்னால் வைத்தார்.

"மாப்பிள்ளை, கூச்சப்படாம சாப்பிடுங்க."